ஒன்பது வயதில் தேடப்படும் திறன்: மீத்திறன் மாணவர் திட்டத்தின் மாற்றமும் படைப்பாக்க வகுப்பின் ஆசிரியரும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி நிகழ்த்திய சிங்கப்பூரின் தேசிய தினப் பேரணி உரையில், நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம் இன்றைய வடிவில் தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஒன்பது பள்ளிகளுக்குள் அடங்கியிருந்த வாய்ப்பு எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் பரவும் என்பதும், கூடுதல் சவால் தேவைப்படும் பிள்ளைகள் தங்கள் பள்ளியை விட்டு மாறாமலேயே பள்ளி நேரத்துக்குப் பின் அருகிலுள்ள வேறொரு பள்ளியில் நடைபெறும் வகுப்புகளுக்குச் சென்றுவரலாம் என்பதும் அந்த அறிவிப்பின் சாரம். அதன்பின் பெற்றோரிடையே எழுந்த பேச்சு பெரும்பாலும் தேர்வைப் பற்றியதாகவே இருந்தது. எந்த மாதம் நடக்கும், எத்தனை தாள், எதைப் படிக்க வேண்டும் என்பவையே முதன்மையான கேள்விகளாயின. அந்தப் பிற்பகல் வகுப்பறைக்குள் என்ன நடக்கும், அதை நடத்தும் ஆசிரியர் எதைச் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. புதிய ஏற்பாட்டின் வெற்றி தோல்வி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஜிஇபி என்று எல்லாரும் அழைக்கும் இத்திட்டம் 1984இல் தொடங்கியது. அதற்கு முன்னரே, துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் 1979இல் வெளிவந்த கல்வி அறிக்கையை ஒட்டி, மாணவர்களை அவரவர் கற்கும் வேகத்துக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. மெதுவாகக் கற்போருக்குத் தனிப் பாதை உண்டென்றால் மிக விரைவாகக் கற்போருக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன் தொடர்ச்சியாக எழுந்தது. மனிதவளத்தைத் தவிர வேறு இயற்கை வளம் இல்லாத நாடு தன் கூர்மதியாளர்களை வீணாக்கக் கூடாது என்ற கவலையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அப்போது கல்வித் துணையமைச்சராக இருந்த டாக்டர் டே எங் சூன் தலைமையில் ஒரு குழு வெளிநாடுகளின் திட்டங்களை ஆராய்ந்து வந்தது. ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, ரோசித் பள்ளி ஆகிய இரு தொடக்கப்பள்ளிகளிலும் இரு உயர்நிலைப்பள்ளிகளிலும் தொடங்கிய திட்டம், பின்னர் ஒன்பது தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கநிலை 3இல் ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் ஒரு சலித்தெடுக்கும் தேர்வு, அதில் தேறியவர்களுக்குப் பொது ஆற்றல் தாளையும் சேர்த்து இரண்டாவது தேர்வு என இரு கட்டங்களில், அந்த வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் தெரிவுசெய்யப்பட்டனர்.

இத்திட்டம் எதைச் செய்தது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பாடத்தை நான்காம் வகுப்பிலேயே முடித்துவிடும் விரைவுப் பாதையாகப் பலர் இதைக் கருதுகிறார்கள். உண்மையில் சிங்கப்பூர் தேர்ந்துகொண்டது செறிவூட்டல் என்னும் முறையாகும். பிள்ளை அதே வயதினருடன் அதே நிலையில் இருக்கும். பாடத்தின் உள்ளடக்கம், சிந்திக்கும் முறை, பிள்ளை உருவாக்கித் தரும் படைப்பு, வகுப்பறைச் சூழல் ஆகிய நான்கும் ஆழப்படுத்தப்படும். தன் விருப்பப்படி ஒரு தலைப்பை எடுத்து ஆராயும் தனிநபர் ஆய்வுப்பணியும், அன்றாடச் சிக்கல் ஒன்றுக்குப் புதிய கருவியோ முறையோ கண்டுபிடிக்கச் செய்யும் புத்தாக்கத் திட்டமும் இந்த நோக்கில் உருவானவைதாம். 1990இல் தொடங்கிய படைப்பாக்கக் கலைத் திட்டம் உயர்நிலைப்பள்ளி, தொடக்கக்கல்லூரி மாணவர்களை எழுத்தாளர்களுடன் இணைத்து, மாதக்கணக்கில் வழிகாட்டுதல் பெறச் செய்தது. வழிகாட்டி ஒருவரோடு இளையர் நீண்ட காலம் பழகுவது எவ்வளவு முக்கியம் என்பதை நம் கல்விமுறை அப்போதே உணர்ந்திருந்தது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

உயர்நிலையில் தனித் திட்டமாக இருந்தது, சாதாரண நிலைத் தேர்வு எழுதாமலேயே தொடக்கக்கல்லூரிக்குச் செல்ல வகைசெய்யும் ஒருங்கிணைந்த திட்டத்தின் வருகைக்குப் பிறகு 2008இல் முடிவுக்கு வந்து, பள்ளிகளே நடத்தும் வடிவுக்கு மாறியது. தொடக்கநிலையில் மட்டும் அது நீடித்தது. இதற்கிடையே ஜிஇபி தேர்வுக்கென்றே பயிற்சி தரும் துணைப்பாட நிலையங்கள் பெருகின. எட்டு வயதுப் பிள்ளைகள் வார இறுதிகளில் பொது ஆற்றல் வினாக்களைச் செய்து பழகினார்கள். பழகாத கேள்வியை ஒரு பிள்ளை எப்படி எதிர்கொள்கிறது என்று காண்பதற்காக வைக்கப்பட்ட தேர்வு, பழகிய கேள்விகளின் தேர்வாக மாறும்போது, அது அளக்க வந்ததை அளப்பதில்லை.

புதிய ஏற்பாட்டின்படி, 2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்த பிள்ளைகளே முதல் அணியினர். 2026இல் தொடக்கநிலை 3இல் அவர்கள் ஆங்கிலம், கணிதம் ஆகிய இரண்டிலும் ஒரே கட்டத் தேர்வை எழுதுவார்கள். அதனுடன் ஆசிரியர்களின் அவதானிப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 2027 முதல் பதினைந்து பள்ளிகள் பிற்பகல் வகுப்புகளுக்கான மையங்களாகச் செயல்படும். அறிவிப்பு வந்த வேளையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குத் தங்கள் பள்ளியிலேயே கூடுதல் செறிவூட்டல் கிடைத்துவந்தது. அது 10 விழுக்காடாக உயரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஆசிரியர்களின் அவதானிப்பு என்னும் இரு சொற்களையே. ஏனெனில் படைப்பாக்கத் திறனைக் கண்டுபிடிக்கத் தாளும் பென்சிலும் போதா என்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உளவியலாளர்கள் சொல்லிவரும் செய்தியாகும்.

1921இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவு ஈவு மிக உயர்ந்த சுமார் 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களின் வாழ்நாள் முழுவதும் தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் தேறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லி 1956இலும் லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். தெரிந்தெடுக்கப்பட்ட எவருக்கும் அப்பரிசு கிட்டவில்லை. 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே.பி. கில்ஃபர்டு, படைப்பாக்கத்தை உளவியல் புறக்கணித்துவிட்டது என்று எடுத்துரைத்தார். ஒரே சரியான விடையை நோக்கிக் குவியும் சிந்தனையையும், ஒரு தொடக்கத்திலிருந்து பல திசைகளில் விரியும் சிந்தனையையும் வேறுபடுத்திக் காட்டியவரும் அவர்தான். ஈ. பால் டாரன்ஸ் அந்த விரிசிந்தனையை அளக்கச் சோதனைகள் வகுத்தார். ஓர் அட்டைப்பெட்டியை எத்தனை வழிகளில் பயன்படுத்தலாம் என்பது போன்ற வினாக்களுக்குப் பிள்ளை தரும் விடைகளின் எண்ணிக்கை, அவற்றின் வகைகள், பிறர் எண்ணாததை எண்ணும் தனித்தன்மை, ஓர் எண்ணத்தை நுணுக்கமாக வளர்த்துச்செல்லும் ஆற்றல் ஆகியவற்றை அவர் கவனித்தார். ஜோசஃப் ரென்சுலி 1978இல் இன்னொரு படி முன்னே சென்று, மீத்திறன் என்பது பிள்ளையிடம் நிலையாக இருக்கும் ஒரு பொருள் அல்ல என்றார். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், எடுத்த பணியை விடாத ஈடுபாடு, படைப்பாக்கம் ஆகிய மூன்று வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அது வெளிப்படுகிறது என்பது அவர் விளக்கம். அதனால்தான் 1 விழுக்காட்டுக்குப் பதிலாக 15 முதல் 20 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பைத் திறந்துவைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். சிங்கப்பூர் இப்போது 10 விழுக்காட்டை நோக்கிச் செல்வதை அந்தப் பின்னணியில் பார்த்தால், அது தரத்தைத் தளர்த்தும் செயல் அல்ல என்பது புரியும்.

டாரன்ஸ் கண்ட இன்னொன்று நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அவர் ஆராய்ந்த அமெரிக்கப் பிள்ளைகளில் பலருக்கு நான்காம் வகுப்பை ஒட்டி, அதாவது ஒன்பது பத்து வயதில், விரிசிந்தனைத் திறன் சரிந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. பள்ளியும் பண்பாடும் மாறும்போது அந்தச் சரிவின் காலமும் அளவும் மாறுகின்றன. ஆயினும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அந்த வயதில் பிள்ளை சகமாணவர் என்ன நினைப்பார்கள் என்று கவனிக்கத் தொடங்குகிறது. சரி, தவறு என்ற பிரிவினை மனத்தில் ஊன்றிவிடுகிறது. பாடமும் அப்போதுதான் இறுகுகிறது. சிங்கப்பூரில் முறையான பள்ளித் தேர்வுகள் தொடங்குவதும் தொடக்கநிலை 3இல்தான். நாம் பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் வயதும், அவர்களின் துணிச்சல் ஒடுங்கத் தொடங்கும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே பிற்பகல் வகுப்பை நடத்தும் ஆசிரியரின் முதல் வேலை, புதிதாக எதையும் ஊட்டுவதற்கு முன், இருந்தது போய்விடாமல் காப்பதுதான்.

அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, தமிழிலேயே நடத்தக்கூடிய ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பார்ப்போம். நம் அடுக்குமாடிக் குடியிருப்புப் புளோக்குகளின் கீழே, தூண்களுக்கு நடுவே திறந்துகிடக்கும் தளத்தை நாமெல்லாரும் வாய்ட் டெக் என்றே சொல்கிறோம். கீழ்த்தளம் என்றும் வெற்றுத்தளம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நாவில் ஒட்டவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிருவரிடம், இதற்கு ஒரு தமிழ்ப்பெயர் வையுங்கள் என்று ஆசிரியர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமில்லாத ஆசிரியர் உடனே பெயர்களைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதி, வாக்கெடுத்து, அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார். பிள்ளைகளும் மொழிபெயர்ப்பை மட்டுமே தருவார்கள். தேர்ந்தவரோ முதலில் அவர்களை அங்கே அழைத்துச் செல்வார். அங்கு என்னென்ன நடக்கின்றன என்று பார்க்கச் சொல்வார், அல்லது நினைவிலிருந்து எடுக்கச் சொல்வார். மலாய்க்காரர் வீட்டுத் திருமணம், சீனர் வீட்டு இறுதிச்சடங்கு, சதுரங்கம் ஆடும் முதியவர்கள், மழைக்கு ஒதுங்குபவர், பந்து விளையாடக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகை, அதன் அருகிலேயே பந்து விளையாடும் பிள்ளைகள், தூணோரம் படுத்திருக்கும் பூனை. ஒரே இடம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருப்பதைக் கண்ட பிறகு, வெற்று என்னும் சொல் அந்த இடத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். அந்தக் கேள்வி எழும் கணம்தான் வகுப்பின் உண்மையான தொடக்கம். அதுவரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தில் எண்ணிக்கை முக்கியம். ஒவ்வொருவரும் இருபது பெயர்கள் எழுத வேண்டும், நல்லதா கெட்டதா என்று யாரும் இப்போது சொல்லக் கூடாது என்ற விதியை ஆசிரியர் வைக்கிறார். முதல் ஏழெட்டுப் பெயர்கள் எல்லாரிடமும் ஒன்றாகவே இருக்கும். அதன்பின் கை நின்றுவிடும். அந்த நிறுத்தத்தில் உதவிக்கு ஓடாமலிருப்பது, பயிற்சியால் மட்டுமே கைவரும் ஆசிரியத் திறன். பிறகு ஒரு வாசலைத் திறந்துவிடலாம்: திண்ணை, முற்றம், மன்றம், சத்திரம், சாவடி, பந்தல் என்று தமிழில் பொதுவிடங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சொற்களை அறிமுகப்படுத்தி, அவற்றில் எதன் குணம் நம் தளத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். திண்ணைக்கு உரிமையாளர் உண்டு. இந்தத் தளத்துக்கு யார் உரிமையாளர்? பந்தல் தற்காலிகமானது, இது நிலையான கூரையின்கீழ் மாறிக்கொண்டே இருக்கிறதே? இந்த வேறுபாடுகளை ஆராயும் பிள்ளை சொல்லாக்கத்தோடு சமூகத்தையும் சேர்த்தே கற்கிறது. இறுதிக் கட்டத்தில்தான் மதிப்பீடு: சொல் சொல்வதற்கு எளிதாக இருக்கிறதா, பாட்டிக்கும் புரியுமா, ஒரு வாக்கியத்தில் வைத்தால் நிற்கிறதா. அளவுகோல்களைப் பிள்ளைகளே வகுத்து, தாங்கள் விரும்பிய பெயரையே அதில் வைத்துச் சோதிக்கிறார்கள். தன் பெயரைத் தானே நிராகரித்து வேறொன்றைத் தேடும் பிள்ளையை அங்கே காணலாம். ரென்சுலியின் முறையில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. உண்மையான சிக்கலை எடுத்து, உண்மையான மக்கள் முன் வைக்க வேண்டும் என்பது அது. இந்தப் பிள்ளைகள் தாங்கள் தேர்ந்த பெயரையும் அதற்கான காரணத்தையும் தங்கள் புளோக்கின் தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லி, மறுப்புகளைக் கேட்டு வந்தால் அந்தப் படியும் நிறைவேறும்.

இத்தகைய வகுப்பில் பரிசு எங்கே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். வரக் கூடாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் வரைவதை இயல்பாகவே விரும்பிய பாலர்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொல்லப்பட்டது. ஓரிரு வாரங்களுக்குப் பின் அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம், சான்றிதழ் எதிர்பார்க்காத பிள்ளைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இதை எண்ணும்போது நம் சமூகத்தில் நடக்கும் ஒன்று என்னை வருந்தச் செய்கிறது. ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவை ஒட்டியும் மற்ற வேளைகளிலும் பிள்ளைகளுக்கான போட்டிகள் நிறைய நடக்கின்றன; அவை மொழிக்குச் செய்யும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை சொல்லும் போட்டியில் பெரியவர் எழுதிய கதையைப் பெரியவர் சொல்லித்தந்த கையசைவுகளுடன் பிள்ளை ஒப்பிக்கும்போது, அங்கே வெளிப்படுவது பிள்ளையின் நினைவாற்றலே. அதைப் படைப்பாக்கம் என்று நாம் பாராட்டினால், படைப்பாக்கம் என்பது பிழையில்லாமல் ஒப்பிப்பது என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. எனவே கூர்மையான சிந்தனையுடைய பல பிள்ளைகள் ஆங்கிலத்தில் பத்து வயதினராகவும் தமிழில் ஆறு வயதினராகவும் இருக்கிறார்கள். அவர்களின் எண்ணத்தைத் தாங்கும் சொல் தமிழில் கைவசம் இல்லாததால், தமிழ் வகுப்பில் அவர்கள் எளிய எண்ணங்களையே சொல்லிப் பழகிவிடுகிறார்கள். ஆசிரியரும் அதுவே அவர்களின் அளவு என்று எண்ணிவிடக்கூடும். அடையாளம் காணும் தேர்வு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மட்டும் நடப்பதால், மறுபுறத்தில், தமிழில் மட்டுமே மலர்ந்திருக்கும் பிள்ளையின் திறன் அந்தத் தாளில் தெரிவதில்லை. இரு வகைப் பிள்ளைகளுக்கும் தமிழாசிரியரே கண்ணாக இருக்க முடியும். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. பெரிய வகுப்பில் முப்பது பேருக்கு நடுவே மறைந்துபோகும் ஒரு பிள்ளையின் விசித்திரமான விடை இங்கே காதில் விழும். முதல் கட்ட எண்ணங்களை ஆங்கிலம் கலந்தும் சொல்லலாம் என்று விட்டுவிட்டு, எண்ணம் உறுதியான பிறகு அதற்கான தமிழ்ச்சொல்லைத் தேடச்செய்வதே இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். தூய்மையை முதல் நிமிடத்திலேயே கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்; கடைசிவரை கேட்காமலே விட்டால் மொழி வளராது. தேவை எழுந்தபின் கிடைக்கும் சொல்தான் மனத்தில் தங்குகிறது.

இதை நம் சமூகம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்தினார். அங்கே பிள்ளைகள் தாமே எழுதினார்கள், அச்சில் தங்கள் பெயரைக் கண்டார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள். அதில் எழுதிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கினார்கள். தேர்வு வைத்து யாரும் அவர்களைத் தெரிந்தெடுக்கவில்லை. எழுத விரும்பியவர் எழுதினார், தொடர்ந்து எழுதியவர் வளர்ந்தார். உண்மையான வாசகர் முன் உண்மையான படைப்பு என்று ரென்சுலி பின்னர் வகுத்ததை ஒரு நாளிதழின் ஒரு பக்கம் அப்போதே செய்துகொண்டிருந்தது.

2027ஐ எதிர்நோக்கும் வேளையில், நடைமுறையில் மூன்று விஷயங்களைக் குறிப்பிட வேண்டும். காலையிலிருந்து பாடம் படித்துக் களைத்த பிள்ளை, இணைப்பாட நடவடிக்கை இல்லாத ஒரு பிற்பகலில் வேறொரு பள்ளிக்குச் சென்று அமரும்போது, அங்கே இன்னொரு பயிற்சித்தாள் காத்திருந்தால் இந்த ஏற்பாடு துணைப்பாட வகுப்பின் இலவசப் பதிப்பாகிவிடும். தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அந்தப் பயணத்துக்கு யார் துணை என்பதும் சிறிய கேள்வி அல்ல. மூன்றாவது, ஆசிரியர் பயிற்சி. நாற்பது ஆண்டுகளாக ஒன்பது பள்ளிகளில் திரண்ட கைப்பழக்கத்தை நாடு முழுவதுமுள்ள தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுசெல்வது கையேடு எழுதித் தீரும் வேலை அல்ல. ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து, அவர் எங்கே பேசாமல் இருந்தார் என்று கவனித்தே அதைக் கற்க முடியும்.

அவதானிப்புக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கும் அத்தகைய பழக்கம் வேண்டும். நல்ல மாணவி, ஆர்வமுடையவர், சுறுசுறுப்பானவர் என்று எழுதுவதால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. மதிப்பெண் சொல்வதையே அவை திருப்பிச் சொல்கின்றன. கேட்ட கேள்வியை விட்டு வேறு கேள்வி எழுப்பினார். தான் வைத்த பெயர் நீளமாக இருப்பதாகத் தானே சொல்லி அடித்துவிட்டார். மறுநாள் காலை வரிசையில் நிற்கும்போது, தன் பாட்டி ஊரில் இதைப் போன்ற இடத்தைக் கொட்டகை என்பார்களாம், ஆனால் அது நம் புளோக்குக்குச் சரிவராது என்று வந்து சொன்னார்: இவ்வாறு நாளும் இடமும் குறித்து எழுதப்பட்ட நான்கு வரிகள் போதும், அந்தப் பிள்ளையை எந்தப் பிற்பகல் வகுப்புக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்பவருக்கு.